எதோடு சாப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள்

சிங்கப்பூரின் மருத்துவர்களுக்கும் மருந்தாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே, மருந்தாளர்களே, வணக்கம்.

நான் ஒரு தொடக்கப்பள்ளித் தமிழ் ஆசிரியை. உட்லண்ட்ஸில் இருக்கிறேன். என் அம்மாவுக்கு எழுபது வயது ஆகிறது. தைராய்டு சுரப்பி போதிய ஹார்மோன் சுரக்காததால் அம்மாவும் நானும் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். லெவோதைராக்சின் என்ற அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையின் சரியான அளவைக் கண்டுபிடிக்க எங்கள் வீட்டில் இரண்டரை ஆண்டு ஆனது. அந்த இரண்டரை ஆண்டில் நான் கற்றுக்கொண்டதை உங்களிடம் சொல்லத்தான் இந்த மடல். உங்கள் படிப்பில் குறை காண்பது என் நோக்கமில்லை. நீங்கள் பரிசோதனை அறிக்கையில் பார்க்கும் எண்ணுக்கும் எங்கள் சமையலறையில் நடப்பதற்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் என் அம்மா விழுந்து எழுந்தார். வேறு யாரும் விழ வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு நோய் வந்ததே எங்களுக்கு முதலில் தெரியவில்லை. இந்த ஊரில் யாராவது குளிர்கிறது என்று சொன்னால் ஏர்கானைத்தான் குறை சொல்வோம். அம்மா பேருந்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார், சரி, ஏர்கான் அதிகம் என்று விட்டுவிட்டோம். பிறகு வீட்டிலும் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் காலுறை போட்டுக்கொண்டு சோபாவில் படுத்திருந்தார். குரல் கரகரத்தது, முகம் உப்பியது, மலச்சிக்கல் வந்தது. கோயிலுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார். "வயசாகுது, வேற என்ன?" என்று அவரே முடிவு கட்டிவிட்டார். 2021-இல் வேறு எதற்கோ எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் டிஎஸ்எச் 14 என்று வந்தது. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும், மிஞ்சினால் இறங்கும் எண் அது. ஆய்வகத்தின் இயல்பு எல்லை சுமார் 0.4 முதல் 4 வரை. உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய் என்றார்கள். 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ விவரித்த நோய் அது.

வயதானவர், இதயத்துக்குத் திடீர்ப் பாரம் கூடாது என்று 25 மைக்ரோகிராமில் தொடங்கினார்கள். அந்த நிதானத்துக்கு இன்றும் நன்றி சொல்வேன். அப்புறம் 50. அப்புறம் 75. ஒவ்வொரு முறையும் எண் கொஞ்சம் இறங்கும், பிறகு அடம்பிடித்து நிற்கும். 100 ஆக்கினார்கள். டிஎஸ்எச் 7-ஐ விட்டு இறங்கவில்லை. 2023 தொடக்கத்தில் 125.

அம்மாவின் எடை அப்போது 52 கிலோ. சுரப்பி அறவே வேலை செய்யாத ஒருவருக்குக்கூட ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 மைக்ரோகிராம் என்பது நீங்கள் எல்லோரும் அறிந்த கணக்கு. 52-க்கு அது 83 வரும். வயதானவர்களுக்கு அதைவிடக் குறைவாகவே போதும். அம்மா 125-இல் இருந்தார், எண் இன்னும் மேலே நின்றது. அந்த இடத்தில் யாராவது ஒருவர் பேனாவைக் கீழே வைத்து, மாத்திரை உள்ளே போய்ச் சேருகிறதா என்று யோசித்திருந்தால் போதும்.

கேட்காமல் இல்லை, கேட்டார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, சந்தை மலாய் நன்றாக வரும். ஒவ்வொரு முறையும் மருத்துவர் கனிவாகத்தான் கேட்டார்: "ஆண்டி, ஊபாட் ஹாரி-ஹாரி மாக்கான்?" தினமும் மருந்து சாப்பிடுகிறீர்களா என்று. மலாயிலும் நம்மைப் போலவே மருந்தைச் "சாப்பிடுவார்கள்". அம்மா கொஞ்சம் பெருமையோடே பதில் சொன்னார், ஒரு நாள்கூட விட்டதில்லை என்று. அது உண்மை. அம்மா பொய் சொல்கிறவர் இல்லை. கணினியில் "ஒழுங்காக எடுத்துக்கொள்கிறார்" என்று பதிவானது, அளவு கூடியது. தினமும் சாப்பிடுகிறீர்களா என்பதோடு கேள்வி முடிந்தது. எதோடு சாப்பிடுகிறீர்கள் என்று இரண்டு ஆண்டில் ஒருவரும் கேட்கவில்லை.

மகளாகிய நானும் கேட்கவில்லை. காலை ஐந்தே முக்காலுக்கு நான் பள்ளிக்குக் கிளம்பிவிடுவேன். அம்மா ஆறரைக்கு எழுவார். 2023 ஜூன் பள்ளி விடுமுறையில்தான் அம்மாவின் காலைப் பொழுதை முதன்முதலாக முழுதாகப் பார்த்தேன். எழுந்து பல் துலக்கி, சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, டின் பால் ஊற்றிக் கோப்பி கலக்கினார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மருந்துப் பையை எடுத்தார். இடது உள்ளங்கையில் மாத்திரைகளை வரிசையாக வைத்தார்: கடுகு மாதிரி ஒரு வெள்ளை மாத்திரை, கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு கால்சியம் மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று. மூன்றையும் ஒன்றாக வாயில் போட்டு, சூடான கோப்பியை இரண்டு மடக்குக் குடித்தார்.

"ஏம்மா, தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல சாப்பிடணும்ல?"

"வெறும் வயித்துலதானே சாப்பிடுறேன்? இன்னும் பசியாறலையே."

இந்தப் பதிலைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பையில் ஒட்டியிருந்த சீட்டில் ஆங்கிலத்தில் "உணவுக்கு முன்" என்று இருந்தது. அதை அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவள் நான்தான். "பசியாறுறதுக்கு முன்னாடி சாப்பிடுங்கம்மா" என்று சொல்லியிருந்தேன். இந்த ஊர்த் தமிழர்களுக்குப் பசியாறுவது என்றால் காலை உணவு. இட்லி, தோசை, பரோட்டா, நாசி லெமாக். கோப்பி அந்தக் கணக்கில் சேராது. கோப்பி பசியாறுவதற்கு முன்னால் வருவது. அம்மா நான் சொன்னதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்திருக்கிறார். மருந்துச் சீட்டு சொன்னதும், நான் சொன்னதும், அம்மா செய்ததும் அவரவர் அளவில் சரி. மாத்திரை மட்டும் உடம்புக்குள் போகவில்லை.

கோப்பி லெவோதைராக்சினைக் குடல் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. பாலும் குறைக்கிறது. கால்சியமும் இரும்புச்சத்தும் மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன, அதனால்தான் நான்கு மணி நேர இடைவெளி கேட்கிறார்கள். வயிற்று எரிச்சலுக்கு நாம் மிட்டாய் மாதிரி மென்று தின்னும் மாத்திரைகளும் அப்படியே. ஒமிப்பிரசோல் வகை மருந்துகள் வயிற்று அமிலத்தைக் குறைப்பதால், மாத்திரை சரியாகக் கரையாமல் போகலாம். சோயாவும் இந்தப் பட்டியலில் உண்டு. கோப்பிக்கடைக்குக் கோப்பிக்கடை சோயா பால் கிடைக்கும் ஊரில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இவை எல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிய வந்தது, பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை அன்று உட்கார்ந்து படித்தபோது. ஆனால் அந்தக் கால்சியம் மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் ஒரே நாளில், ஒரே முகப்பில், ஒரே பையில் போட்டுத்தான் எங்களிடம் கொடுக்கப்பட்டன.

அடுத்த நாளே மாற்றினேன். எழுந்தவுடன் வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்துக் கோப்பி. கால்சியம் இரவுச் சாப்பாட்டுக்குப் போனது. அம்மா முதல் வாரம் முனகினார், பிறகு பழகிவிட்டார். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன். மருந்தகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது என் தவறு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். மாத்திரை சாப்பிடும் விதத்தை மாற்றுவது என்பது அளவையே மாற்றுவது மாதிரி என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமைதோறும் பூ தொடுக்க வேண்டும். தேக்கா பக்கம் போய் உதிரி மல்லிகை வாங்கி வந்து, மேசையில் ஈரத்துணி விரித்து, நூலைக் கால் கட்டை விரலில் மாட்டிக்கொண்டு தொடுப்பார். கண் கையைப் பார்க்காது, அவ்வளவு வேகம். ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது பூவெல்லாம் மேசையில் அப்படியே கிடந்தது. ஒரு முழம்கூட ஆகவில்லை. இரண்டு பூவைக் காம்போடு காம்பு சேர்த்துப் பிடிப்பார், விரல் நடுங்கும், நூல் முடிச்சு விழுவதற்குள் பூ நழுவிவிடும். மறுபடி எடுப்பார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். "ராத்திரியெல்லாம் தூக்கமில்ல, நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்றார். எடை பார்த்தோம், 48 கிலோ.

டிஎஸ்எச் 0.01-க்கும் கீழே இருந்தது. இரண்டு ஆண்டு கோப்பியோடும் கால்சியத்தோடும் போராடிப் போராடிக் கூட்டிய 125 மைக்ரோகிராம், தடையெல்லாம் நீங்கியதும் முழுசாக உள்ளே போயிருக்கிறது. இந்த மருந்து பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். அதனால் தவறு ஒரே நாளில் தெரியாது, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துதான் வெளியே வரும். இசிஜி எடுத்தார்கள், இதயத் துடிப்பு வேகம் என்றாலும் சீராகவே இருந்தது. அந்தத் தாளைப் பார்க்கும்வரை எனக்கு மூச்சு வரவில்லை. வயதானவர்களுக்கு தைராய்டு ஹார்மோன் மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், அதிலிருந்து பக்கவாதம்வரை போகலாம் என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன். எலும்பும் கரையும். அம்மா கால்சியம் சாப்பிட்டதே எலும்புத் தேய்மானத்துக்காகத்தான். எலும்புக்காகச் சாப்பிட்ட மாத்திரை தைராய்டு மாத்திரையைத் தடுத்தது. அதை ஈடுகட்டக் கூட்டிய தைராய்டு அளவு, எலும்பையே அரிக்கும் இடத்துக்கு வந்து நின்றது.

அதனால் என் முதல் வேண்டுகோள் இதுதான். மைக்ரோகிராமை மாற்றுவதற்கு முன், எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள், அதற்குப் பிறகு வாயில் போடும் முதல் பொருள் எது, அது எத்தனை நிமிடம் கழித்து என்று கேளுங்கள். "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா" என்று மட்டும் கேட்டால் எங்கள் அம்மாக்கள் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். டாக்டர் முன்னால் இல்லை என்று சொல்லும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. கையில் மாத்திரையை வைத்துக்கொண்டிருப்பதாக நினைத்துக் காலையில் செய்வதை அப்படியே செய்து காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், வெளியே காத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனாலும் அந்த இரண்டு நிமிடம் எங்களுக்கு இரண்டு ஆண்டை மிச்சப்படுத்தியிருக்கும்.

காலைதான் வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது சாப்பிட்டாலும் நன்றாக வேலை செய்கிறது. ஒன்பதரைக்குச் சாப்பிட்டு பத்தரைக்குப் படுக்கும் வீட்டுக்கு அது ஒத்துவராது, எட்டுக்குள் சாப்பிட்டு முடிக்கும் வீட்டுக்கு ஒத்துவரும். என் பள்ளியில் வேலை செய்யும் அக்கா ஒருவர், நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், நோன்பு மாதத்தில் மாத்திரையையே நிறுத்திவிடுவாராம், பகலில் தண்ணீர் குடிக்க முடியாதே என்று. விடியலுக்கு முந்திய சஹர் உணவுக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் எழுந்து சாப்பிடலாம், இல்லாவிட்டால் படுக்கும்போது சாப்பிடலாம் என்று ஒருவர் நோன்புக்கு முந்திய மாதமே அவரிடம் சொல்லியிருந்தால் முப்பது நாள் மருந்து போயிருக்காது.

இரண்டாவது, தேதி. அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டிஎஸ்எச் உண்மையைச் சொல்லும். எங்களுக்கு இடையில் ஒருமுறை வேறொரு கிளினிக்கில் மூன்றே வாரத்தில் பரிசோதித்து, போதவில்லை என்று மறுபடி கூட்டினார்கள். இந்தியா போகும் அவசரத்தில் நாங்கள் கேட்டுக்கொண்டதால் அப்படி ஆனது, அவர்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் "இப்போது பார்த்தால் தெரியாது, ஊரிலிருந்து வந்த பிறகு பார்க்கலாம்" என்று அன்று மறுத்திருந்தால் நல்லது செய்திருப்பார்கள். அதேபோல, அளவு மாறிய பிறகு ஆறு மாதம் கழித்து வரச் சொல்வதும் சரியில்லை. அம்மா குறைந்த அளவோடு ஆறு மாதம் படுத்தே கிடந்திருக்கிறார். மருந்துப் பையிலேயே அடுத்த பரிசோதனை நாளை எழுதிக் கொடுங்கள், ஏன் அந்த நாள் என்று ஒரு வரி சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் எங்கள் ஆட்கள் நாளைத் தவறவிட மாட்டார்கள்.

இந்தியா என்றதும் இன்னொன்று. சென்னையிலிருந்து யாராவது வந்தால் தைராய்டு மாத்திரை போத்தல் வாங்கி வரச் சொல்வது எங்கள் வீடுகளில் சர்வ சாதாரணம். நூறு மாத்திரை ஒரு போத்தலில், விலையும் குறைவு. அதை மருத்துவரிடம் சொல்வதில்லை, திட்டுவாரோ என்ற பயம். இங்கே ஒரு நிறுவனத்தின் மாத்திரை, அது தீர்ந்தால் அங்கே வாங்கிய இன்னொரு நிறுவனத்தின் மாத்திரை என்று மாறி மாறிப் போகும். இந்த மருந்தில் சிறு வித்தியாசமும் டிஎஸ்எச்சில் பெரிதாகத் தெரியும். வெயிலும் ஈரமும் மாத்திரையைக் கெடுக்கும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. திட்டாமல் கேளுங்கள், சொல்லிவிடுவார்கள்.

நாங்கள் உங்களிடம் சொல்ல வேண்டியது ஒரு பக்கம், நீங்கள் எங்களிடம் சொல்ல வேண்டியது இன்னொரு பக்கம். முகப்பில் தரும் மாத்திரையின் நிறுவனம் மாறினால் தயவுசெய்து வாய்விட்டுச் சொல்லுங்கள். 2017-இல் பிரான்சில் லெவோதைராக்ஸ் என்ற மாத்திரையில் மருந்து அதேதான், கூட்டுப்பொருள் மட்டும் மாறியது. லாக்டோஸ் போய் மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் வந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் களைப்பு, தலைவலி, முடி உதிர்வு என்று புகார் செய்தார்கள். அந்த ஆண்டே பழைய வடிவத்தை மறுபடி கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்தப் புகார்களில் எவ்வளவு மாத்திரையால் வந்தது, எவ்வளவு அச்சத்தால் வந்தது என்று பல காலம் வாதம் நடந்தது. முன்கூட்டியே சரியாகச் சொல்லவில்லை என்ற கோபம் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அம்மா ஒருமுறை பெட்டியின் நிறம் மாறியதைப் பார்த்துவிட்டு, தவறான மருந்து கொடுத்துவிட்டார்கள் என்று நான்கு நாள் சாப்பிடாமல் எடுத்து வைத்திருந்தார்.

என் சொந்தக் கதை ஒன்று, சுருக்கமாக. எனக்கும் இந்த நோய் வந்து முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. முடிக்கு நல்லது என்று கடையில் 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் வாங்கிச் சாப்பிட்டேன். அந்தச் சமயம் எடுத்த பரிசோதனையில் டிஎஸ்எச் குறைவு, டி4 என்ற தைராய்டு ஹார்மோன் அதிகம் என்று வந்தது. மாத்திரையைக் குறைக்கச் சொன்னார்கள். எனக்கோ களைப்பும் குளிரும் அப்படியே இருந்தன. பயோட்டினை நிறுத்திவிட்டுப் பத்து நாள் கழித்துப் பரிசோதித்தால் எல்லாம் தலைகீழ், டிஎஸ்எச் 5-க்கு மேல். சில ஆய்வக முறைகள் பயோட்டினை வைத்தே இயங்குவதால், உடம்பில் அது நிறைய இருந்தால் எண் பொய் சொல்லும். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். முடி கொட்டுவது இந்த நோயின் அறிகுறி, முடி கொட்டினால் பெண்கள் வாங்குவது பயோட்டின். ஆகவே தைராய்டு பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் இதைக் கேட்பது வீண் வேலை ஆகாது.

பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கருவுற்றதும் தேவை கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. முதல் மாதங்களில் வயிற்றுப் பிள்ளை தாயின் தைராய்டு ஹார்மோனைத்தான் நம்பியிருக்கிறது. சிலருக்கு மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள்: கருவுற்றது தெரிந்த அன்றே அழையுங்கள், வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது சாப்பிடத் தொடங்கலாம் என்று. முதல் சந்திப்புக்கு எட்டு வாரம், பத்து வாரம் காத்திருப்பவர்கள் எங்களில் நிறையப் பேர். மூன்று மாதம் ஆகாமல் வெளியே சொல்லக்கூடாது என்ற வழக்கமும் இருக்கிறது. மருத்துவரிடம் சொல்வது வெளியே சொல்வதில் சேராது என்று நீங்கள்தான் புரிய வைக்க வேண்டும்.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். எண் இயல்புக்குள் வந்த பிறகும் களைப்பாக இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். "நார்மல்தான்" என்ற ஒரு சொல்லோடு கதவு மூடிவிடும். மருத்துவத்துக்கு டிஎஸ்எச் எவ்வளவு பெரிய வரம் என்று எனக்குத் தெரியும். 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர் 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழி செலுத்தினார். அளவைச் சொல்ல எந்தப் பரிசோதனையும் கிடையாது. முகத்தின் உப்பல் வடிகிறதா, பேச்சு தெளிகிறதா, நாடி எப்படி என்று பார்த்துப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். அந்தப் பெண் அதற்குப் பிறகு 28 ஆண்டு வாழ்ந்து 74 வயதில் இறந்தார். டிஎஸ்எச்சை அளக்கும் வசதி 1970-களில் பரவியபோதுதான், அதுவரை பலருக்குத் தேவைக்கு மேல் கொடுத்துவந்தது தெரிந்து அளவுகள் குறைந்தன. ஆகவே எண்ணைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எண் இல்லாமல் என் அம்மாவின் நடுக்கத்துக்குக் காரணம் தெரிந்திருக்காது. ஆனால் மரே பார்த்த மாதிரி ஆளையும் பாருங்கள். 0.4 முதல் 4 வரை என்பது அகலமான தெரு. ஒருவர் அதில் எந்த ஓரத்தில் நன்றாக இருக்கிறார் என்பதை அவரைக் கேட்டுத்தான் அறிய முடியும். எழுபது வயதுக்காரருக்கு எண் கொஞ்சம் மேலே நிற்பது பாதுகாப்பு, முப்பது வயதுக்காரருக்கு அது பொருந்தாமல் போகலாம்.

எங்கள் பக்கத்தின் நியாயமின்மையும் எனக்குத் தெரியும். களைத்துப் போனாலே தைராய்டு, எடை கூடினாலே தைராய்டு என்று அளவைக் கூட்டச் சொல்லி உங்களை நெருக்குகிறோம். என் களைப்பில் பாதிக்குக் காரணம் இரும்புச்சத்துக் குறைவு என்று பிறகு தெரிந்தது. சைவம் சாப்பிடும் வீடுகளில் பி12 குறைவு இருக்கலாம். ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்குக் குடல் பி12-ஐ உறிஞ்சாத நோய் சேர்ந்து வருவதும் உண்டு. தூக்கத்தில் மூச்சு தடைபடுவது இருக்கலாம், மனச்சோர்வு இருக்கலாம். இவற்றையெல்லாம் தேடிய பிறகும் நன்றாக இல்லாத ஒரு சிறு கூட்டம் உண்மையிலேயே உண்டு என்பதை நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்கள். டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. அதை அப்படியே எங்களிடம் சொல்லுங்கள். இன்னும் விடை தெரியவில்லை என்று ஒரு மருத்துவர் சொன்னால் எங்களுக்கு அவர்மீது மதிப்பு குறைந்துவிடாது.

கடைசியாக மொழி. அம்மாவுக்குத் தேவைப்பட்டது நீண்ட கையேடு இல்லை. "எழுந்தவுடன் தண்ணீரில் மட்டும். கோப்பி, தே, பால் ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம் இரவில்." இவ்வளவுதான், பெரிய எழுத்தில், பையின் மேலேயே. "உணவுக்கு முன்" என்று அகராதி பார்த்து மொழிபெயர்த்தால் பழைய தவறு தமிழிலும் தொடரும். கோப்பி என்ற சொல் அதில் இருக்க வேண்டும். சீன மூதாட்டிக்குச் சோயா பால் என்றும் மலாய் மாமிக்கு தே தாரிக் என்றும் இருக்க வேண்டும். எங்கள் ஊர்க் காலைப் பொழுதைத் தெரிந்தவர்கள் உங்கள் முகப்பிலேயே வேலை செய்கிறார்கள், அவர்களை உட்கார்த்தி வைத்து எழுதச் சொல்லுங்கள். தமிழ் வாசகத்தைச் சரிபார்க்க ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன். சனிக்கிழமைகளில் எனக்கு நேரம் உண்டு.

அம்மாவுக்கு இப்போது ஒரு நாள் 50, மறு நாள் 75. டிஎஸ்எச் 2.8. சால்வை அலமாரிக்குள் போய்விட்டது. இரண்டு மாத்திரையும் வெள்ளை, இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் ஒரு பையில் "ஒற்றை நாள்" என்றும் இன்னொன்றில் "இரட்டை நாள்" என்றும் மை பேனாவில் எழுதி வைத்திருக்கிறார். சென்ற மாதம் முப்பத்தோராம் தேதி இரவு அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இன்றும் ஒற்றை, நாளை ஒன்றாம் தேதியும் ஒற்றை, இரண்டு நாள் தொடர்ந்து 75 வந்துவிடுமே என்று. மறுநாள் காலை மாத்திரையைத் தொடவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். மருந்தகத்தை அழைத்தேன். மருந்தாளர் ஒரு பெண், குரலை வைத்துப் பார்த்தால் இளையவர். இது உடம்பில் மெல்லக் குறையும் மருந்து, ஒரு நாள் முன்னே பின்னே போனால் ஒன்றும் ஆகாது, சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். நான் நன்றி சொல்லி வைக்கப் போனேன்.

"ஒரு நிமிஷம். அம்மா இதை எதோடு சாப்பிடுறாங்க?" என்று கேட்டார்.

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, நான் வாயைத் திறப்பதற்குள் பதில் சொல்லிவிட்டார். "சும்மா தண்ணிம்மா. கோப்பி ஒரு மணி நேரம் கழிச்சுதான்."

நன்றியுடன்,
ஒரு மகள்
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்